தூக்குப்போசிப் பால்

ஏற்காட்டுக்காரர்கள் ஏற்காட்டைச் சுற்றிப் பார்ப்பதில்லை. ஏரிக்கரையில் அப்பாவுக்கு மிளகாய் பஜ்ஜிக் கடை. ஊர் பார்க்க வந்தவர்கள் தின்றால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். அதனால், இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, மலை உச்சியிலிருக்கும் வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச்சைப் பார்த்துவரலாம் என்று அத்தை கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பமும் இல்லை. அதையெல்லாம் யோசிக்கிற வயதா அது?

அத்தை, அப்பாவின் தங்கை. நாகலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, சேலம் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பெற்று, வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். பாப்பா கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, தேறியதும் தூக்கிவரலாம் என்று அம்மா சொன்னதை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவும் மாமாவும் அதை என்றைக்கோ புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். பச்சைப் பிள்ளையைப் புதைத்த இடத்தை எங்கள் வீட்டில் பெற்றவளுக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம். பால் ஊற்றுவதும் ஆண்கள்தான். பெற்றவளுக்கு மட்டும் அங்கே வேலை இல்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையின் கையிலிருந்த சின்னத் தூக்குப்போசிதான். நடக்க நடக்க உள்ளே ஏதோ தளும்பியது.

"பாலுங்களா அத்தை? எனக்குக் கொஞ்சம் குடுங்க."

"இது உனக்கில்ல கண்ணு," என்று அத்தை போசியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மீதி ஏற்றம் முழுக்க நான் பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

உச்சியில் சர்ச் பூட்டிக் கிடந்தது. கீழே சேலம் பக்கம் மஞ்சு அடைத்து, கடல் போலப் பரந்திருந்தது. கடலை நான் பார்த்ததில்லை. படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

"பாப்பா அதுக்குக் கீழதானுங்க அத்தை இருக்குது?" என்று கேட்டுவிட்டு, சேலத்தைப் பார்த்துக் கையாட்டினேன். அத்தை சர்ச்சுக்குப் பின்னால் நடந்தாள்.

அங்கே புல் மண்டிய பழைய கல்லறைகள். பெரிய சிலுவைகளையெல்லாம் தாண்டிப்போய், மூலையில் முழங்கால் உயரமிருந்த ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"என்ன எழுதியிருக்குதுன்னு படி சாமி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்னாருடைய மகன் என்று இருந்தது. "அப்பா பேரு இருக்குது, அம்மா பேரு இருக்குது. பாப்பா பேர மட்டும் காணோமுங்க," என்றேன். கல் வெட்டியவன் மறந்துவிட்டான் என்பது என் கண்டுபிடிப்பு.

"பேரு வெக்கறதுக்குள்ள போயிருச்சாட்டம் இருக்குது," என்று அத்தை போசியைத் திறந்தாள்.

சர்ச் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த காவல்காரர் விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தார். "ஏனுங்க தங்கச்சி, இங்கெல்லாம் பால் ஊத்தக் கூடாதுங்க. இது வெள்ளைக்காரங்க பொதச்ச எடம்."

"எம் பையனுக்கு ஊத்தோணும். அவன எங்க வெச்சாங்கன்னு எனக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் எங்கீங்கண்ணா போவேன்?"

காவல்காரர் விளக்குமாற்றைக் கீழே இறக்கினார். "மழ வந்தாக் கழுவிட்டுப் போயிரும். ஊத்துங்க," என்று சொல்லிவிட்டு, சர்ச்சின் மறுபக்கம் போய்க் கூட்ட ஆரம்பித்தார்.

அரை டம்ளர்கூட இராது. அத்தை அதைத் துளித்துளியாக ஊற்றினாள். எனக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இவ்வளவு பாலா?

"நம்ம பாப்பாவுக்குக் கொஞ்சம் வெச்சிருக்கலாமுங்க," என்றேன்.

"பாப்பாவுக்குத்தாங் கண்ணு," என்று சொல்லிப் போசியைக் கவிழ்த்தாள்.

இறங்கும்போது அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும், அத்தை மஞ்சில் நனைந்துவிட்டாள் என்று அம்மாவிடம் முதல் ஆளாகச் சொன்னவள் நான்தான். அம்மா ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு மகள் பிறந்த புதிதில், ஒரு மத்தியானம் அவள் பால் குடிக்காமல் தூங்கிப்போனாள். மார்பில் பால் கட்டி, என் துணியெல்லாம் நனைந்தது. அந்தப் போசியிலிருந்தது யாருடைய பால் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தூங்குகிற பிள்ளையை எழுப்பி மடியில் போட்டுக்கொண்டேன்.