நாலு மணித் தூக்கம்

நேற்று மதியம் கரையான்சாவடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் மனைவியின் தம்பி வந்தான். என் மகளைத் தூக்கக் கை நீட்டினான். வாயில் பீடா மணந்தது. அதையும் மீறி பிராந்தி வாடை வந்தது.

அதே வாடை என் தாய்மாமாவிடம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது வாரம் ஒருமுறை ஆவடியிலிருந்து சைக்கிளில் வருவார். தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டதுமே அம்மா என்னையும் தங்கையையும் படுக்கவைத்துப் போர்த்திவிடுவாள். மாலை நாலு மணி. போர்வைக்குள் வியர்வையும் கோரைப்பாய் வாசனையுமாக இருக்கும்.

"இன்னாக்கா, இந்நேரத்துல தூங்குதுங்க?"

"வெயில்ல ஆடிட்டு வந்துச்சுங்கடா. எழுப்பாத."

மாமா காராபூந்திப் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, அம்மா போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் குளித்து, விபூதி பூசி வந்தார். "அக்கா, இன்னிக்கு ஊத்திக்கல. வேணும்னா மோந்து பாரு."

அம்மா இரண்டு தடவை மோந்து பார்த்தாள். "எழுந்திருங்க, மாமா வந்துகீறாரு!"

பழக்கத்தில் நாங்கள் கண்ணைத் திறக்கவில்லை. மாமா என் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். "நடிக்காதடா, எனக்கு எப்பவோ தெரியும்" என்று சிரித்தார்.

அம்மாவைப் போல் பொய் சொல்ல எனக்கு வராது. முகம் பார்த்துச் சொல்லவும் கூச்சம். நேற்று தரையைப் பார்த்தபடியே சொன்னேன். "மச்சான், சாப்ட்டு போ. பாப்பாவ மட்டும் தூக்காத. குடிக்காத அன்னிக்கு வா, நாள் முழுக்க வச்சிக்க."

"நாத்தம் அடிக்குதா மாமா?"

"அடிக்குதுடா."

அவன் கையை மடக்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். பாதிச் சோற்றில் நிமிராமலே கேட்டான்: "புதன்கிழமை வரட்டா?"