கோயிலுக்குப் பக்கத்து வீடு

எங்கள் ஊரில் செயலி வழியாக வாடகை வண்டி பிடிக்கிறவர்கள் அதன் வரைபடத்தை முழுதாக நம்புவதில்லை. சூலூரில் எங்கள் வீடு மூன்றாவது சந்தில் இருக்கிறது. ஆனால் நான் எப்போதும் முக்கில் உள்ள பேக்கரியைத்தான் குறிப்பேன். அரை நிமிடத்தில் ஓட்டுநர் அழைப்பார். “ஏனுங்ணா, எங்க நிக்கறீங்க?” என்பார். “பேக்கரி முன்னால நில்லுங்க, வாரேன்” என்பேன். போகிற இடத்துக்கும் இதே முறைதான். ஒரு பேக்கரி, ஒரு கோயில், இல்லாவிட்டால் ஒரு மில் கேட். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நேராகப் போங்க, லெப்ட்ல திரும்புங்க என்று வாயால் வழி சொல்லிக்கொள்வோம். இத்தனை வருடத்தில் இந்த முறையால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. பாலித் தீவில் வந்தது.

என் தங்கை அங்கே இருக்கிறாள். அவள் கணவர் சோமனூர்க்காரர். தீவில் தைக்கும் ஆடைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறார். இரண்டாவது குழந்தைக்குப் பதினொரு மாதம் ஆனபோது காது குத்துவதென்று முடிவு செய்தார்கள். விடுமுறை கிடைக்காததால் ஊருக்கு வர முடியாது, அங்கேயே வைத்துக்கொள்கிறோம், வந்துவிடுங்கள் என்று தங்கை அழைத்தாள்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். முதல் குழந்தைக்குச் சோமனூர்க் கோயிலில் காது குத்தியபோது நான் அங்கே இல்லை. அன்று தேர்தல் வாக்கு எண்ணிக்கை. நான் பத்திரிகை அலுவலகத்தில் தொகுதி வாரியாக முடிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். தங்கை இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் புகைப்படத்தை மட்டும் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

அவள் பேசாததை அவளுடைய நாத்தனார் பேசினார். சோமனூரில் தறி ஓட்டும் குடும்பம் அது. ஒரு கல்யாணப் பந்தியில் என் மனைவிக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாராம்: “பக்கத்துல இருக்கற சோமனூருக்கே வராத மாமன், கடல் தாண்டியா போகப் போறாரு? மாமன் மடி இல்லாமக் குத்தினா அது காதுகுத்து இல்லீங்க அம்மணி, தடுப்பூசி.”

வீட்டுக்கு வந்த மனைவி இதை என்னிடம் சொல்லிவிட்டுப் பயணச்சீட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் காங்கேயத்துக்காரி. அவள் அப்பா எண்ணெய் மில் நடத்துகிறார். குழந்தைக்குத் தோடு, பட்டுப் பாவாடை, வெள்ளித் தண்டை, எல்லாவற்றுக்கும் மேல் அப்பா மில்லின் தேங்காயெண்ணெய் ஒரு டின் என்று சீர்ப் பை தயாரானது. தென்னைமரங்கள் நிறைந்த தீவுக்கு எதற்குத் தேங்காயெண்ணெய் என்று கேட்டேன். அது அவங்க எண்ணெய், இது நம்ம எண்ணெய் என்றாள்.

சிங்கப்பூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். தங்கை வீட்டில் இரண்டே அறைகள், ஒன்றில் கணவரின் பெற்றோர் தங்கியிருந்தார்கள். அதனால் எங்களுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் அறை போட்டிருந்தார்கள். விசேஷத்தன்று காலையில் கார் அனுப்புவதாக மாப்பிள்ளை சொன்னார். மனைவி வேண்டாம் என்றாள்.

“மாமன் ஊட்டுச் சீரு அவங்க கார்லயே வந்து எறங்கினா அது என்னங்க சீரு? நாம வண்டி புடிச்சே போலாமுங்க.”

நல்ல நேரம் பத்திலிருந்து பதினொன்றரை வரை. காது குத்த வருபவர் அருகில் உள்ள சிகிச்சை நிலையத்தின் நர்ஸ். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டவரும் அவர்தான். பதினொன்றரைக்கு அவருக்கு அங்கே பணி தொடங்கும், பதினொரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று தங்கை முன்பே சொல்லியிருந்தாள்.

எட்டே முக்காலுக்குச் செயலியைத் திறந்தேன். தங்கை தன் வீட்டின் இருப்பிடத்தை அனுப்பியிருந்தாள். அதைத் தொட்டால் பெயரில்லாத ஒரு சந்தும் நீளமான எண் வரிசையும் வந்தன. ஓட்டுநரிடம் எண் வரிசையைச் சொல்லி வழி கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. வீடு ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதாகவும் கோயிலின் பெயர் இன்னது என்றும் அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரைத் தட்டினேன். பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தில் போய்விட்டால் கேட்டுக்கொள்ளலாம்.

கார் வந்தது. ஓட்டுநர் தன் மொழியில் எழுதுவதைச் செயலியே தமிழாக்கிக் காட்டியது. “மதிப்பிற்குரிய பயணியே, நான் வெள்ளை வாகனத்துடன் வாயிலின் முன் காத்திருக்கிறேன்” என்றது. சூலூரில் எந்த ஓட்டுநரும் என்னை இப்படி மதித்ததில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் எண்ணெய் டின்னின் மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாற்பதுக்குக் கோயில் முன்னால் இறங்கினோம். செங்கல் நிறத்தில் உயரமான கோபுர வாசல், இரண்டு பக்கமும் கட்டம் போட்ட துணி சுற்றிய சிலைகள். கார் திரும்பிப் போய்விட்டது. நான் தங்கைக்கு வீடியோ அழைப்புப் போட்டுக் கோயிலைக் காட்டி, இங்கிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். “அண்ணா, இது எங்க கோயில் இல்லீங்ண்ணா.”

அந்தத் தீவில் ஒவ்வொரு ஊரிலும் மூன்று கோயில்கள் கட்டாயம் உண்டு. ஊருக்கு ஊர் அவற்றுக்கு அதே மூன்று பெயர்கள்தான். பெயருக்குப் பின்னால் ஊரின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை நான் பார்க்கவில்லை. மாரியம்மன் கோயிலில் இறக்கிவிடுங்கள் என்று கோயமுத்தூர் மாவட்டத்தில் ஒருவர் சொன்னால் அவரைப் பார்த்து என்ன நினைப்பேனோ, அதுதான் நான் செய்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள், முகவரியைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இருபது வருடம் சொல்லியவன் நான்.

சரியான ஊர் அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர், மலைப்பக்கம். மாப்பிள்ளையைக் காருடன் அனுப்புகிறேன், அங்கேயே நில்லுங்கள் என்றாள் தங்கை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கணக்குப் போட்டுவிட்டாள். வர நாற்பது நிமிடம், போக நாற்பது நிமிடம், அவ்வளவு நேரம் இல்லை. நேரம் இருந்திருந்தாலும் அவள் சம்மதித்திருக்க மாட்டாள். நாங்களே வந்துடறோம், நீ ஒப்புட்டைச் சுடு என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். ஒப்புட்டு எங்கள் பக்கத்துப் போளி.

செயலியில் மறுபடி கார் தேடினேன். எந்தக் காரும் ஏற்கவில்லை. காரணம் எதிரிலேயே ஒரு பலகையில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: செயலி வண்டிகள் இந்த ஊரில் ஆளை இறக்கலாம், ஏற்றக் கூடாது. அது உள்ளூர் ஓட்டுநர்களின் கட்டுப்பாடு. உள்ளூர் வண்டிகளின் கொட்டகை காலியாக இருந்தது. பூஜைத் தட்டுடன் போன ஒரு பெண்ணிடம் கேட்டேன். ஓட்டுநர்கள் எல்லோரும் ஊர்வலத்தில் இருப்பதாகச் சொல்லி, மேளச் சத்தம் வந்த பக்கம் கை காட்டினாள். ஊரின் எல்லை ஒரு கிலோமீட்டர் தள்ளி, வயலுக்கு நடுவில் இருந்தது. அங்கே போனால் எந்த வண்டியும் ஏற்றிக்கொள்ளும்.

நடந்தோம். மனைவி பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். நான் எண்ணெய் டின்னைக் கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறையும் அவள் நடையைக் குறைக்கவில்லை.

எல்லைக்கு வந்தபோது மணி பத்து பத்து. ஊர்வலத்தால் பெரிய சாலை அடைபட்டிருந்தது. கார் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றது செயலி. மோட்டார் சைக்கிள் என்றால் நான்கு நிமிடம். ஒரு மோட்டார் சைக்கிளில் ஒரு பயணிதான். ஒரு கணக்கில் ஒரே சமயத்தில் ஒரு பயணம்தான் பதிவாகும். மனைவியின் கைபேசிக்கு அங்கே இணைப்பு கிடையாது. ஆக, ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்னொருவருக்கு வண்டி.

நான் முதலில் போகிறேன் என்றேன். மடி என்னுடையது அல்லவா? அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

“நீங்க போற நேரத்துல அந்த நர்ஸம்மா கெளம்பறேன்னு சொன்னா, சரிங்கன்னு கதவைத் தொறந்து உட்டுப்போடுவீங்க. நான் போனா உட மாட்டேன். நீங்க பின்னால வாங்க.”

பதினேழு வருடம் என்னுடன் வாழ்ந்தவள் சொல்கிறாள். தங்கை அனுப்பிய இருப்பிடத்துக்கு அவளுக்கு வண்டியைப் பதிவு செய்தேன்.

சூலூரில் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள்தான், ஆனால் முன்பின் தெரியாத ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. ஓட்டுநர் தலைக்கவசத்தை நீட்டினார். பூ வைத்த கொண்டைக்கு அது இறங்கவில்லை. பூவை எடுத்துச் சீர்ப் பைக்குள் வைத்தாள், கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டாள், கவசத்தை மாட்டினாள். இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் எண்ணெய் டின்னை வைத்துக்கொண்டாள். போகலாம் என்று அவர் தோளில் இரண்டு விரலால் தட்டினாள்.

அதன் பிறகு அவள் என் கைபேசியில் ஒரு புள்ளி. வயல் வரப்பை ஒட்டிய சந்துகளில் புள்ளி நகர்ந்தது, ஓரிடத்தில் மூன்று நிமிடம் நின்றது, மறுபடி நகர்ந்தது. காத்திருந்த நேரத்தில் நான் செய்ய வேண்டிய வேலையைச் செய்தேன். தங்கை அனுப்பிய எண் வரிசையை எடுத்து, வரைபடத்தில் விழுந்த எண்ணோடு வைத்து, அச்சுப் பிழை பார்ப்பதுபோல் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். குறியைத் தங்கை வீட்டு வாசலுக்கே இழுத்துவைத்தேன். மனைவியை அனுப்பியதும் அதே எண்ணுக்குத்தான் என்றாலும் இன்னொரு முறை பார்த்தேன்.

பத்து நாற்பத்திரண்டுக்கு அவள் பயணம் முடிந்தது. பத்து நாற்பத்தெட்டுக்கு எனக்கு வண்டி கிடைத்தது. என் ஓட்டுநர் வயதானவர், நிதானமானவர். வேகமாக என்று நான் சைகை காட்டியபோது எதிரில் வந்த வாத்துக் கூட்டத்தைக் காட்டினார். வாத்துகள் கடக்கும் வரை நின்றோம். பதினொரு மணி அங்கேயே ஆனது. முதல் குழந்தையின் படம் நினைவுக்கு வந்தது. அதில் பெரியப்பா மகனின் முகம் பாதிதான் தெரியும், மடி நன்றாகத் தெரியும்.

பதினொன்று பதினேழுக்கு வாசலில் இறங்கி வீட்டை நோக்கி ஓடினேன்.

வாசற்படியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். முதுகு கதவு நிலையின் ஒரு பக்கத்தில் சாய்ந்திருந்தது. இரண்டு கால்களும் நிலையின் மறு பக்கம் வரை நீண்டிருந்தன. பக்கத்தில் எண்ணெய் டின். உள்ளே நர்ஸ் தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றபடி, கையில் பாதி ஒப்புட்டுடன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பதினேழு நிமிசமா இப்படித்தானுங்ண்ணா” என்றாள் தங்கை. “நானும் சொல்லிப் பாத்துட்டேன். வேணும்னா என்னைத் தாண்டிட்டுப் போகச் சொல்லுங்கறாங்க அண்ணி. இந்த ஊர்லயும் ஆளைத் தாண்ட மாட்டாங்கண்ணா. நர்ஸம்மாவும் தாமதமாகும்னு வேலை எடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க.”

மனைவி காலை மடக்கி எனக்கு வழி விட்டாள். நான் உள்ளே போனதும் மறுபடி நீட்டிக்கொண்டாள்.

மணைப் பலகை போட்டிருந்தது. உட்கார்ந்தேன். தங்கை குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வைத்த பிறகும் சில நொடி கையை எடுக்கவில்லை. நர்ஸ் பையைத் திறந்தார். மாப்பிள்ளை கைபேசியில் சோமனூரை அழைத்திருந்தார். மனைவி வாசலிலிருந்து எழுந்து வந்து அதைக் கையில் வாங்கினாள்.

“நல்லாப் பாத்துக்கங்க. மடி தெரியுதுங்களா?”

“மடி தெரியுது” என்றார் அந்த நாத்தனார். “யாரு மடின்னு மூஞ்சியைக் காட்டுங்க. தலையில என்னத்தயோ கவுத்துப்போட்டு உக்காந்திருக்கறாரு, யாருன்னு எப்படித் தெரியும்?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசலில் என் ஓட்டுநர் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். என் ஒரு கை குழந்தையின் இடுப்பில், ஒரு கை அதன் தலையில் இருந்தது. நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டார். குழந்தையிடமிருந்து கையை எடுக்க நான் தயாராக இல்லை. மனைவி கைபேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, என் தாடைக்குக் கீழே கொக்கியை அவிழ்த்தாள். கவசத்தைக் கழற்றினாள். வியர்வையில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒருமுறை தள்ளிவிட்டாள்.

நர்ஸ் வலது காதில் குத்தினார். குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு வீடே அதிர அழுதது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

தங்கை கைபேசியைக் குழந்தையின் காதருகே கொண்டுபோனாள்.

“சரி” என்றார் நாத்தனார். “அடுத்த காதையும் காட்டுங்க.”

தங்கை கைபேசியை மறு பக்கம் கொண்டுபோனாள். மடியும் என் முகமும் சேர்ந்து தெரியும்படி பிடித்தாள்.