மூக்கில் குழாய், கையில் மைக்

ஆரணியில் கபடிப் போட்டி என்றால், மைக்கில் ஜெயவேல் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் வீட்டை விட்டே கிளம்புவார்கள். பட்டுப் புடவை நெய்வது அவருக்குத் தொழில். ஆட்டத்தை வர்ணிப்பதுதான் உயிர். பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டியதிலிருந்து திரும்பி வந்து கோட்டைத் தொடும்வரை மூச்சை விடக்கூடாது என்பது கபடியின் சட்டம். அந்தச் சட்டம் ஆடுகிறவனுக்கு மட்டும்தான் என்று ஜெயவேலுக்கு யாரும் சொல்லவில்லை போலும். அவரும் அதுவரை மூச்சை விடாமல் பேசுவார்.

போன மழைக்காலத்தில் அந்த மூச்சே காலை வாரிவிட்டது. பத்து படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தார். தறியில் நாலு இழை ஓட்டுவதற்குள் முகம் வெளுத்தது. வேலூரில் பார்த்த டாக்டரம்மா, நுரையீரலில் தழும்பு ஏறிவிட்டது, இனி வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, நடக்கும்போது எவ்வளவு என்று அளந்து பார்த்து எழுதியும் கொடுத்தார். பக்கத்தில் இருந்த மனைவி சசிகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயவேலின் கவலை வேறு.

"காணும் பொங்கலுக்கு ஃபைனல் இருக்குதும்மா. பேசலாங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பேசுங்க. மெஷினைப் போட்டுக்கிட்டுதான் பேசணும். விரல்ல ஆக்ஸிமீட்டர் இருக்கணும். தொண்ணூறுக்குக் கீழே இறங்குச்சுன்னா அப்பவே நிறுத்திடணும். சம்மதமா?"

"அத நான் பாத்துக்கறேங்க" என்றாள் சசிகலா. அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

மெஷின் கடைக்காரர் சக்கரவர்த்தி இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று சக்கரம் வைத்தது, இடுப்பளவு உயரம், கரண்டில் மட்டும் ஓடுவது. இன்னொன்று தோளில் மாட்டிக்கொள்ளும் பை மாதிரி, பேட்டரியில் ஓடுவது. ஜெயவேலின் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை. மனதுக்குள் அதை மாட்டிக்கொண்டு கோட்டோரமாக நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"இது போதும் சசி. மைதானம் பூரா நடந்துகினே பேசலாம்."

"போட்டுகினு பேசிப் பாருங்க சார்" என்றார் சக்கரவர்த்தி.

அவ்வளவுதான். கடைக்குள்ளேயே ஒரு ஆட்டம் தொடங்கிவிட்டது. களம்பூர்க்காரன் வலது கோடியில் காத்திருக்கிறான், ஆரணிச் சிங்கம் உள்ளே இறங்குகிறது என்று ஜெயவேல் ஆரம்பிக்க, மருந்து வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது வாக்கியத்தில் பை 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது. ஜெயவேல் அதைவிடச் சத்தமாகப் பேசிப் பார்த்தார். அதுவும் விடவில்லை. கடைசியில் கண் இருட்டிக்கொண்டு வர, சசிகலா அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சக்கரவர்த்தி பொறுமையாகச் சொன்னார். "சார், இது நீங்க மூக்கால இழுக்கறப்ப மட்டுந்தான் ஒவ்வொரு தபா உடும். பேசறப்ப நீங்க வாயால இழுக்கறீங்க. மூச்சே வரலன்னு நெனச்சிகினு அது கத்துது. உங்க பேச்சுக்கு, நிறுத்தாம உட்டுகினே இருக்கற பெரிய மெஷினுதான் ஒத்துவரும்."

"அப்போ மைதானத்துக்கு எப்படிங்க தூக்கினு போறது?" என்றார் ஜெயவேல்.

பெரிய மெஷினை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வழியெல்லாம் ஜெயவேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய் அவ்வளவு நேரம் மூடிக் கிடந்ததைச் சசிகலா பார்த்ததே இல்லை. நோய் என்று கேட்டபோது வராத பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

வழி கண்டுபிடித்தவர் சவுண்டு சர்வீஸ் ஆல்பின். மெஷினைப் பார்க்க வந்தவர் மாடிக்கு ஏறிப் போய் நின்றுவிட்டு, கீழே ஓடி வந்தார்.

"அண்ணா, மைதானம் உங்க வீட்டுக்குப் பின்னாலதான கீது. மாடியில நின்னா ரெண்டு கோடும் பளிச்சுனு தெரியுது. நீங்க இன்னாத்துக்கு மைதானத்துக்கு வரணும்? மைக்க நான் மாடிக்குக் கொண்டாறேன். ஒயர்தான, இழுத்துட்டாப் போச்சு."

ஜெயவேல் எழுந்து நின்றார். மூக்கில் குழாய் இருப்பதை மறந்து ஆல்பினைக் கட்டிப் பிடிக்கப் போனவரைக் குழாய் பின்னால் இழுத்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் நின்றது.

அன்றிலிருந்து வீட்டில் திருவிழாதான். ஜெயவேல் இராத்திரி படுத்துத் தூங்கினார். அதற்கு முந்தைய மாதம் முழுக்க உட்கார்ந்தபடியேதான் தூங்கியிருந்தார். காலையில் தறிப் பக்கம் உட்கார்ந்து, மெஷின் 'டபக், புஸ்' என்று மூச்சு விடுகிற தாளத்துக்குத் தன் பேச்சைப் பழக்கினார். இனி ஒரே மூச்சில் பேச முடியாது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்து நிறுத்த வேண்டும். ஆடுகிறவன் பின்னால் நகரும்போது ஒரு மூச்சு, நடுவர் விசில் ஊதும்போது ஒரு மூச்சு. தறிப் பாவில் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டே சசிகலா அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்காமல் எங்கே போவது, முப்பது வருஷமாக அவளுடைய ரேடியோவே அதுதான்.

பொங்கலுக்கு மறுநாள், மாடு கழுவுகிற சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தபோது, மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே அதன் அலாரமும் அலறியது. ஆக்ஸிமீட்டரில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. இதற்கென்றே வாங்கி வைத்திருந்த சின்ன சிலிண்டரைச் சசிகலா திறந்து குழாயை மாற்றினாள். ஜெயவேலுக்கு மூச்சு திரும்பியது, ஆனால் முகம் தொங்கிப்போனது. நாளைக்கு ஃபைனல். அந்தச் சிலிண்டர் அவ்வளவு நேரம் தாங்காது.

சக்கரவர்த்திக்குப் போன் போட்டாள். அவர் பதறாமல் கேட்டார், மெஷின் எங்கே இருக்கிறது என்று.

"தறிகிட்டதாங்க. பத்திரமா மூடி வெச்சிருக்கேன்."

"எத்தால மூடிக்கினு கீறீங்க?"

பட்டு நெய்கிற வீட்டில் எதையும் திறந்து போடுகிற பழக்கம் இல்லை. தறியில் ஏறிய பாவுக்கு மேல் வேட்டி, நெய்த புடவைக்கு மேல் துணி, காற்றே வராமல் சாத்திய ஜன்னல். தூசி பட்டால் பட்டு போச்சு. அந்த வழக்கப்படியே சசிகலா மெஷினுக்கும் மிஞ்சின பட்டுத்துணியில், சரிகைக் கரை வைத்து, கச்சிதமாக ஒரு உறை தைத்து மாட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டிய உறை அது.

அதைப் பற்றிச் சசிகலா பெருமையாகவே சொன்னாள். பிறகு சக்கரவர்த்தி சொன்னார். "அம்மா, அது ரூம்புல இருக்கற காத்த இழுத்துதாம்மா ஆக்ஸிஜன் குடுக்குது. நீங்க அது மூக்கையே பொத்தி வெச்சிருக்கீங்க. உறையக் கழட்டிட்டு, பின்னால இருக்கற ஃபில்டர எடுத்துப் பாருங்க."

ஃபில்டரை எடுத்தால், பட்டுப் பிசிறு கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. சசிகலாவுக்கு அழுகையும் வந்தது, தன்மேல் கோபமும் வந்தது. "புருசனுக்கு வந்த காத்த நானே கட்டி வெச்சிருக்கேன் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி ஃபில்டரை அலசினாள். அது நன்றாகக் காயும்வரை கையில் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றாள். மெஷினைத் தறி அறையிலிருந்து உருட்டி வந்து, கூடத்தில் ஜன்னல் பக்கமாக, சுவரில் ஒட்டாமல் நிறுத்தி, ஃபில்டரை மாட்டிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஜெயவேல் சிலிண்டரிலிருந்து குழாயை மாற்றிக்கொண்டு முதலில் சொன்னது, "ஆல்பினுக்குப் போன் போடு, மைக்கு வரட்டும்" என்பதுதான்.

மறுநாள் சாயங்காலம் மாடியில் தார்ப்பாய் நிழல், நாற்காலி, இன்வெர்ட்டரில் ஓடுகிற மெஷின். மைதானத்தில் எள் போட இடமில்லை. ஆல்பின் மைக்கை நீட்டினார். ஜெயவேல் "ஆரணி" என்று ஒரே வார்த்தை சொன்னார், கீழே எழுந்த கூச்சல் அடங்க வெகு நேரமாயிற்று. மழைக்காலத்தோடு அந்தக் குரல் போய்விட்டது என்றே ஊர் நினைத்திருந்தது. ஜெயவேலுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பக்கத்து ஸ்டூலில் சசிகலா அவர் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று மூன்று. மெஷினின் 'டபக், புஸ்' மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தவர்கள், பாதி ஆட்டத்தில் அதற்கும் கைதட்டப் பழகிவிட்டார்கள்.

கடைசி ரெய்டு. ஆரணிக்கும் களம்பூருக்கும் சமமான புள்ளி. ஆரணியின் கோகுல்ராஜ் தொடையைத் தட்டிக்கொண்டு கோட்டருகே வந்தான். ஜெயவேலுக்கு வெறி ஏறிவிட்டது, நிறுத்த வேண்டிய இடமெல்லாம் மறந்துபோயிற்று. கோகுல்ராஜைப் பற்றி, அவன் அப்பன் ஆடிய ஆட்டத்தைப் பற்றி, களம்பூர்க்காரர்கள் கைகோத்து நிற்பதைப் பற்றி, மூச்சே விடாமல் பேசினார். தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. எண்பத்தொன்பது.

சசிகலா அவர் தொடையில் தட்டினாள். ஜெயவேல் எண்ணைப் பார்த்தார். இது ஒன்று மட்டும் என்று கண்ணால் கெஞ்சினார்.

"டாக்டரம்மாகிட்ட வாக்கு குடுத்தவ நானு" என்று சொல்லி, அவர் கையிலிருந்த மைக்கைப் பிடித்தாள். ஒரு கணம் அவர் பிடி விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். விட்டது கை மட்டும்தான், கண்ணில் நீர் முட்டியது.

மைதானம் அமைதியாகிவிட்டது. அத்தனை தலையும் மாடியைப் பார்த்துத் திரும்பின. கோகுல்ராஜ்கூடக் கோட்டருகே நின்று மேலே பார்த்தான். திறந்த மைக் தன் கையில் இருப்பது சசிகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆல்பின் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"அவரு மூச்சு வாங்கிகினு கீறாரு" என்றாள். "ஒண்ணும் ஆவல. அதுவரிக்கும் நான் சொல்றேன். கோகுலு, நீ போ."

அவன் போனான்.

"கோகுலு உள்ள எறங்கிட்டான். எடது பக்கம் சங்கிலி போட்டுகினு நிக்கறாங்க களம்பூரு. அங்க போவாத. வலது கோடியில தனியா ஒருத்தன் நிக்கறான் பாரு, அவன்தான். கால நீட்டு. தொட்டுட்டான், தொட்டுட்டான். ஐயோ, கணுக்காலப் புடிச்சிட்டான். டேய், படுக்காத, கைய நீட்டு, கோடு இன்னும் ரெண்டு மொழந்தான், ஒரு மொழம்..."

கோகுல்ராஜின் விரல் கோட்டில் விழுந்தது. நடுவரின் விசிலை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள், கூச்சல் அப்படி.

ஜெயவேல் வாயைத் திறந்தபடி மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் எண் தொண்ணூற்றிரண்டுக்கு ஏறி, தொண்ணூற்று மூன்றைத் தொட்டது. அதை அவளிடம் காட்டிவிட்டு மைக்குக்காகக் கையை நீட்டினார்.

"இருங்க" என்றாள் சசிகலா, மைக்கை மூடாமலே, ஊர் முழுக்கக் கேட்கும்படி. "ஜெயிச்சது யாருன்னு நான் சொல்லிட்டுத் தர்றேன்."