கரையடியில் பச்சைப் புல்

என் எழுத்து கோணலாக வரும். ஐந்தாவது வரைதான் படித்தேன். எது முன்னே, எது பின்னே என்பதும் மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஏம்பலத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு குட்டை. ஓடையை மறித்து மண்கரை போட்டது. நூறு நாள் வேலையில் நானும் மண் சுமந்தேன். ஆடு மாடு அதில்தான் குடிக்கும். விடியலில் மயிலும் கீரியும் வரும். கரும்பு வெட்டியபின் காய்ந்த தோகையை, எங்கள் பேச்சில் சோகை, கொளுத்தும்போது தீ வீட்டுப் பக்கம் திரும்பினால் அணைக்கவும் அந்தத் தண்ணீர்தான்.

ஒரு மாசியில் என்று நினைக்கிறேன், கரையின் வெளிப்புறத்து அடியில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் பச்சையாக நின்றது. மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது. என் மாடு அப்போது ஐந்து மாதச் சினை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் அரிவாளோடு வந்துவிடுவார்கள். தினமும் தரையோடு ஒட்ட அறுத்து வருவேன். காலுக்கு மண் சில்லென்று இருக்கும்.

பக்கத்து வீட்டில் என் ஓரகத்தி. புருஷன் போனபின் ஒரு மாட்டுப் பாலில்தான் பிழைத்தாள். என் தலையிலிருந்த புல்லுக்கட்டைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னாக்கா, ஒம் மாட்டுக்கு மட்டும் எந்தக் கடையில பச்சப் புல்லு விக்குறான்? எனுக்கும் சொல்லேன்.”

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சித்திரையில் ஒரு மதியம், சோகைத் தீ காற்றில் திரும்பி அவள் கொட்டகையைப் பிடித்தது. குடத்தோடு ஓடினோம். குட்டையில் சேறுதான் இருந்தது. தீயணைப்பு வண்டி வந்து குட்டைக்குள் குழாய் போட்டது. அதிலும் சேறுதான் வந்தது. மாடு கட்டின இடத்திலேயே செத்துப்போனது. அவள் அழவில்லை.

“வெயிலு குடிச்சிட்டுது. இன்னா பண்றது” என்றாள்.

காப்பி போட்டுக் கொடுத்தேன்.

கரையைச் சரிசெய்தபோது மண் சுமக்கும் பெண்களில் நானும் நின்றேன். மேஸ்திரி கடப்பாரையை அந்த இடத்தில்தான் இறக்கினார். உள்ளே கை நுழையும் ஓட்டை.

“இங்கதான் ஒழுகியிருக்கு. ஒழுகுனா புல்லு பச்சையா நிக்குமே, ஒருத்தர் கண்ணுலயும் படலியா?”

இல்லை என்றார்கள். பட்டிருக்காது. நான்தான் ஒட்ட அறுத்துவிட்டேனே. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன்.

இப்போது தினமும் ஒரு சொம்புப் பால் அவளுக்குக் கொடுக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

புல் அறுக்கத் தொடங்கியது மாசியா பங்குனியா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பங்குனி என்றால் அதற்குள் பாதித் தண்ணீர் போயிருக்கும், சொல்லியும் பயனிருந்திருக்காது. மாட்டுக்குச் சினை ஊசி போட்ட சீட்டு கூரை எரவாணத்தில் செருகியிருக்கிறது. அதில் தேதி இருக்கும். யாராவது எடுத்துப் பார்த்து, ஐந்து மாதம் கூட்டிச் சொல்லுங்கள்.