இரண்டு மணிக் கட்டத்தில் என் கையெழுத்து

"நீ ரொம்ப மாறிட்டடி" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. ஒரகடத்துக்கு நான் வேலைக்கு வந்த புதிதில் பென்னலூரில் ஒரே அறையில் என்னோடு தங்கியிருந்த ஐந்து பேரும் சொல்லிவிட்டார்கள். பரமக்குடிப் பக்கம் இருக்கும் என் சித்தி வருஷா வருஷம் பொங்கலுக்குச் சொல்வாள். அவர்கள் எல்லோரும் அதை ஒரு குற்றமாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது காதில் தேனாகப் பாயும். மாறத்தானே இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் முன்னால் இரண்டு வரிசை ஸ்டாஃபுக்கு. எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் யாரும் மீற மாட்டார்கள். எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்த மறுநாள் பின்சீட்டுத் தோழிகள் வழக்கம்போல இடம் போட்டு வைத்திருந்தார்கள். நான் முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். கூச்சமாக இருந்தது, மனசு கேட்கவில்லை என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், முன்சீட்டில் குலுக்கல் குறைவு, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எட்டு வருஷம் கடைசி சீட்டில் தூக்கிப் போட்ட முதுகு அது.

அப்படித்தான் ஒவ்வொன்றாக மாறினேன். இங்கிலீஷில் மெயில் அடிக்கப் பழகினேன். முதலில் மூன்று வரி மெயிலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், இப்போது போன் பேசிக்கொண்டே அடிக்கிறேன். ஸ்கூட்டி வாங்கினேன். உள்ளூர்க்காரர்களோடு பேசிப் பேசி 'இன்னா' என்பது வாயில் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மட்டும் 'அங்கிட்டு, இங்கிட்டு' தானாக எட்டிப் பார்க்கும். ஆகவே, மாறாமல் இருப்பதுதான் உண்மையாக இருப்பது என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். நான் பொய்யாகிப்போனது வேறு ஓர் இடத்தில். அதை என் தோழிகளும் கண்டுபிடிக்கவில்லை, சித்தியும் கண்டுபிடிக்கவில்லை. ஓர் ஆடிட்டர் கண்டுபிடித்தார்.

எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்கான ஒயர்களைத் தயார் செய்கிறோம். ஒயரின் முனையில் சின்னதாக ஒரு பித்தளைத் துண்டை மெஷினில் வைத்து அழுத்திப் பொருத்த வேண்டும். அந்தப் பிடிப்பு சரியில்லையென்றால் எங்கோ ஒரு காரில் பிரேக் லைட் எரியாது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு ஒயரை எடுத்து, இழுத்துப் பார்க்கும் மெஷினில் மாட்டி, எந்த அளவில் பிய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆபரேட்டர் அந்த எண்ணை ஷீட்டில் எழுதுவார். பக்கத்துக் கட்டத்தில் சூப்பர்வைசர் நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஷிப்டுக்கு ஆறு மணி, எட்டு மணி, பத்து, பன்னிரண்டு, இரண்டு என ஐந்து கட்டங்கள்.

ஆபரேட்டராக லைனில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த ஷீட்டில் நான் ஒரு எண்ணைக்கூடக் கற்பனையாக எழுதியதில்லை. பக்கத்து மெஷின்காரிகள் மொத்தமாக எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் ஒயரை மாட்டி, இழுத்து, பார்த்து, எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அந்தத் திமிர் எனக்கு அப்போதே உண்டு. என்னை சூப்பர்வைசர் ஆக்கியதற்கே அதுதான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு அடுத்த லைன் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. இரண்டு லைனையும் என் தலையில் கட்டினார்கள். ஒன்று ஷெட்டின் இந்தக் கோடியில், இன்னொன்று அந்தக் கோடியில். முதல் வாரம் ஓடி ஓடிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் வாரம் ஒரு நாள் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு கட்டத்தில் சேர்த்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் காலையில் வந்ததும் ஐந்து கட்டத்திலும் போட்டுவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. ஆறு மாசம் அப்படியே ஓடியது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு உறுத்தவே இல்லை.

அந்தச் சமயத்தில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தது. அசிஸ்டென்ட் மேனேஜர் இடம் ஒன்று காலியாக இருந்தது. எங்கள் பிளாண்டில் லைனில் ஒயர் கோத்து ஆரம்பித்த ஒருத்தி அந்த நாற்காலிக்குப் போனதே இல்லை. "ஆடிட்ல நீயே பிரசென்டேஷன் குடும்மா. நல்லா முடிஞ்சா உன் பேரைத்தான் அனுப்பப் போறேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன்.

அன்று காலை மீட்டிங் ரூமில் நான் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எங்கும் திக்கவில்லை. கேள்விகளுக்கும் சட் சட்டென்று பதில் வந்தது. ஆடிட்டர் ஒரு முறை தலையாட்டிச் சிரித்தார். மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சபாஷ் போட்டார். லைனைப் பார்க்கப் போகலாம் என்று எல்லோரும் எழுந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை.

முதல் மெஷினில் இருந்தவர் வடக்குப்பட்டு அக்கா. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று எத்தனை கெஞ்சினாலும் அன்று ஓ.டி. பார்க்க மாட்டார். ஆடிட்டர் அவருடைய மெஷினில் தொங்கிய ஷீட்டை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷீட்டைப் பார்த்தார்.

"இப்போ மணி பதினொண்ணே கால்" என்றார், குரலை உயர்த்தாமல். "பன்னெண்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் கையெழுத்து இருக்கு. ரீடிங் இல்ல. இது எப்படி?"

அக்கா எழுத வேண்டிய கட்டங்கள் காலியாக, சரியாக இருந்தன. என் கட்டங்கள் மட்டும் நிறைந்திருந்தன. ஆடிட்டரின் பார்வையோ அக்காவின் மேல் இருந்தது. பின்னால் நின்ற மேனேஜர் முந்திக்கொண்டார். "ஆபரேட்டர் மிஸ்டேக் சார். ரீட்ரெயினிங் குடுத்துடறோம்."

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆமா சார்" என்றும் சொல்லவில்லை. மெஷின் மேலிருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பழி தன் மேல் வரும் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ தடவை வந்திருக்கிறது, இந்தத் தடவையும் வரட்டும் என்பது போலிருந்தது அவர் நின்ற விதம். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றால் என் மேல்தான்.

"அது என் கையெழுத்து சார்" என்றேன். இரண்டு வாரம் படித்த இங்கிலீஷ் எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் அங்கிட்டு மீட்டிங் ரூம்ல இருந்தேன். காலையில வந்ததும் பாக்காமலே போட்டுட்டேன்."

"இன்னைக்கு மட்டுமா?" என்று ஆடிட்டர் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்னக் குறிப்போடு போயிருக்கும். மேனேஜரும் அதைத்தான் எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார். "இல்ல சார். ரெண்டாவது லைன் எங்கிட்ட வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்றேன். ஆடிட்டர் தன் நோட்டில் நிதானமாக எழுதிக்கொண்டார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

இப்படிக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் நாங்கள் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். ஒய்-ஒய் ஷீட் என்போம். ஏன் நடந்தது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிக் காரணத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தோமோ இல்லையோ, இந்தத் தொழிற்பேட்டையில் நான் பார்த்த ஷீட்டுகளில் முக்கால்வாசி ஒரே பதிலில்தான் போய் முடியும்: ஆபரேட்டருக்கு அவேர்னஸ் இல்லை, ரீட்ரெயினிங் கொடுக்கப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் என் எம்ப்ளாயி நம்பரே அப்படி ஒரு ஷீட்டில் ஏறியிருக்கிறது. மெஷினில் அழுத்தும் அச்சே தேய்ந்துபோயிருந்தால் பித்தளைத் துண்டு எப்படிப் பிடிக்கும்? ஆனால் அவேர்னஸ் இல்லாதவள் நான்தான் என்று எழுதி, என்னிடமே கையெழுத்தும் வாங்கினார்கள். அன்று கழிவறையில் அழுதேன். இப்போது அந்த ஷீட்டை எழுதும் பேனா என் கையில் இருந்தது.

ஏன் பார்க்காமல் கையெழுத்துப் போடப்பட்டது? சூப்பர்வைசர் அந்த இடத்தில் இல்லை. ஏன் இல்லை? வேறு லைனிலோ மீட்டிங்கிலோ இருந்தார். ஏன்? இரண்டு லைனுக்கு ஒரே ஆள். ஏன்? வேலையை விட்டவருக்குப் பதில் ஆள் போடவில்லை. ஏன் அதை ஆறு மாதமாக யாரும் பிரச்சினை என்று சொல்லவில்லை? இந்த ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து எழுதினேன்: முடியவில்லை என்று சொன்னால் பதவி உயர்வு போய்விடும் என்று சூப்பர்வைசர் மறைத்தார். கீழே என் எம்ப்ளாயி நம்பரைப் போட்டேன்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "இத அப்படியே அனுப்ப முடியாதும்மா. அவேர்னஸ் இல்லைன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடு."

"யாருக்கு சார் அவேர்னஸ் இல்ல? எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

"நீயே உனக்கு ஆப்பு வெச்சிக்கிற" என்றார். ஷீட்டை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

அந்த வருஷம் நாற்காலி ஸ்டோர்ஸில் இருந்த வேறொருவருக்குப் போனது. பெரிய மனசோடு வாழ்த்தினேன் என்று சொல்ல மாட்டேன். வயிறெரிந்தது. ஒரு வாரம் கேன்டீன் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாவது லைனுக்கு ஆள் வரவும் ஒரு மாசம் ஆனது. மறு வருஷம் எனக்கும் கிடைத்தது, அதைத் தனிக் கதையாக்க ஒன்றுமில்லை. இதை எழுதும்போது அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். ஆனால் எனக்கு நிஜமான பெருமை வந்தது அதற்கெல்லாம் முன்னால், ஆடிட் முடிந்த இரண்டாவது வாரத்தில்.

முடிந்த ஒய்-ஒய் ஷீட்டை லைன் போர்டில் ஒட்ட வேண்டும் என்பது விதி. இங்கிலீஷில் இருப்பதால் அதை ஒருவரும் படிப்பதில்லை. நான் என் ஷீட்டைத் தமிழில் எழுதி, நம்பரோடு ஒட்டினேன். இனி ஒருத்தியும் என்னை மதிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். டீ நேரத்தில் போர்டு முன்னால் கூட்டமாக நின்றார்கள். "மேடமே மாட்டிக்கிச்சு டோய்" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. வடக்குப்பட்டு அக்கா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்துப் படித்துவிட்டு மெஷினுக்குப் போனார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அக்காவின் மெஷினில் மஞ்சள் லைட் எரிந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட ஆபரேட்டர் போடும் லைட் அது. இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. போனேன். ஷீட்டை என் கையில் கொடுத்தார். ஆறு மணிக் கட்டமும் எட்டு மணிக் கட்டமும் காலி. ஆறு மணிக்கும், அதற்கு முந்தைய இரண்டு நாளும் நான் அடுத்த லைனிலேயே இருந்ததால் அவர் ஷீட்டில் என் கட்டமும் காலிதான்.

"இழுக்கற மெஷினு முள்ளு ரெண்டு நாளா ஜீரோக்குத் திரும்பி வர்ல" என்றார். "பழைய நம்பரையே பாத்து எழுதிகினு இருந்தேன். இன்னிக்கு எழுதல."

"முந்தாநேத்தே ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா எனுக்கு அவேர்னஸ் இல்லன்னு ஒட்டுவாங்க. எத்தினி வாட்டி ஒட்டிக்கீறாங்க. இப்ப போர்டுல உன் நம்பரே கீது. அத ரெண்டு நாளா பாத்துட்டுதான் இன்னிக்கு லைட்ட போட்டேன்."

லைனில் எல்லோர் முன்னாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அன்று 'உன்' என்றார். இரண்டு நாள் ஒயர்களையும் வெளியே போகாமல் பிடித்து நிறுத்த வேண்டும், ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், மேனேஜரிடம் மறுபடியும் போய் நிற்க வேண்டும். எல்லாம் மனதில் ஓடியது. ஆனாலும் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. என் லைனில் ஒருத்தர் பயப்படாமல் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். நான் சம்பாதித்தது அதுதான்.

அக்காவுக்குப் பொறுமை இல்லை. "இன்னா பாத்துகினே கீற" என்றார். "லைன நிறுத்து."

நிறுத்தினேன்.