உள்பக்கத் தாழ்ப்பாள்

தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கரண்டி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், வலது கை என்னோடு வரவில்லை. ஆவடியில் ஒரு மருத்துவமனையில் பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள்.

வீடு திரும்பியபோது நடை வந்துவிட்டது. கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான் குளியலறையில் விழுந்துவிடுவேனோ என்று பயந்து, என் கணவர் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். நான் குளிக்கும்போதெல்லாம் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, "செல்வி, நல்லா கீறியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தங்கமான மனுஷன்தான். ஆனால் பாசத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக அழக்கூட முடியவில்லை. உங்களில் பலருக்கு இது புரியும்.

பிசியோதெரபி (தசைகளுக்கான பயிற்சி) தந்த பெண், விரல்களுக்குத் தினமும் வேலை கொடுக்கச் சொன்னாள். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி எனக்கு வெறுத்துப்போயிருந்தது. தம்பி முருகனுக்கு ஆவடி பக்கம் கோவில்பதாகை என்ற ஊரில் தச்சுவேலை. இப்போது எல்லாம் மெஷின்தான். அவனிடம் மரத்தைக் கையால் சீவும் பழைய இழைப்புளியைக் கேட்டேன். தாழ்ப்பாளை நானே செய்யப்போகிறேன் என்றதும் சிரித்தான். மறுநாளே ஒரு தேக்குத் துண்டோடு வந்து நின்றான்.

விழுந்தால் எப்படி உள்ளே வருவது என்று கணவர் முறைத்தார். டாக்டரும் அவர் கட்சி. அதனால், கதவிடுக்கில் ஸ்கேலை விட்டு வெளியிலிருந்தும் தூக்கிவிடக்கூடிய மரக்கட்டையாகச் செய்வது என்று முடிவானது.

முதல் நாள் இடது கையால் மூர்க்கமாகத் தள்ளினேன். மரம் சிராய் சிராயாகப் பிய்ந்தது.

"அக்கா, மரத்தோட சண்ட போடாத," என்றான் முருகன். "நார் போற பக்கமா தள்ளு. அந்தக் கைய சும்மா முன்னால வெய்யி. அதோட கனமே அமுக்கிக்கும்."

வைத்தேன். இழைப்புளியின் வாயிலிருந்து ஒரு சுருள் எழுந்து வந்தது. இத்தனை நாள் பாரமென்று வைத வலது கையை அன்று முதன்முதலாகத் தடவிக் கொடுத்தேன். வாரக்கணக்கில் கூடமெல்லாம் மரத்தூள். முணுமுணுத்துக்கொண்டே கணவர் பெருக்கினார்.

தாழ்ப்பாள் மாட்டிய அன்று உள்ளே போனேன். வலது கை மெதுவாகத்தான் உயர்ந்தது. உயரட்டும், எனக்கென்ன அவசரம்? கட்டை தாங்கியில் விழுந்து உட்கார்ந்தது.

பிறகு கதவிடுக்கில் ஸ்கேலின் நுனி தெரிந்தது.

"நல்லாத்தான் கீறேன். போய் டீ போடுங்க."

கொஞ்ச நேரம் ஸ்கேல் அங்கேயே இருந்தது. அப்புறம் மெல்லப் பின்வாங்கியது.