தம்புரானுக்குக் கடன் கொடுத்தவர்கள்

கடன் கேட்கிறவன் நிற்பதும் கொடுக்கிறவன் உட்கார்ந்திருப்பதும் உலக வழக்கம். திருவனந்தபுரம் கஜானாவில் கடன் பத்திரம் விற்ற எங்களுக்கு அது தலைகீழ். கேட்கிற நாங்கள் நாற்காலியில் இருப்போம், கொடுக்க வந்தவர்கள் கம்பிக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு வாங்கிய அன்பர்களுக்கு என் பாடு புரியும்.

யார் ஒப்பு?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரார் தம்புரான் என்று சொல்லும் மகாராஜாவின் சர்க்கார் கடன் பத்திரம் வெளியிட்டது. சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டி வைத்திருந்த சுடலைமுத்துப் பிள்ளை பணப்பையோடு வந்தார். விண்ணப்பத்தை நீட்டி, ஒப்பு போடச் சொன்னேன். கையெழுத்துக்கு இந்த ஊரில் ஒப்பு என்றுதான் பெயர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவோ விளக்கியும் மனிதர் அசையவில்லை.

"வேய், கடம் வாங்குதவன்லா ஒப்பு போடணும்? போயி தம்புரானைக் கூட்டிட்டு வாரும்."

செம்பில் தண்ணீர்

ஆரியசாலையில் அப்பளம் விற்ற இசக்கியம்மாள் கணவனை இழந்தவள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை எல்லாம் பத்திரத்தில் போட்டிருந்தாள். பழைய கடன் அப்படியே இருக்க, சர்க்கார் அடுத்த கடனை அறிவித்ததும் கம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். மேலே மேலே வாங்குகிறவர் எப்படித் திருப்பிக் கொடுப்பார் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பணம் நாகர்கோவில் சாலைக்கு சிமெண்டுத் தளம் போடப் போயிருக்கிறது என்றேன்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தாள். மடியில் செம்பு நிறையத் தண்ணீரோடு பஸ்ஸில் நாகர்கோவில் வரை போய்ப் பார்த்தாளாம். எனக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

"ஒரு சொட்டு தளும்பல்ல சாரே. எம்மவ ரூவா ரோட்டுல பத்திரமாக் கெடக்கு."

தை முகூர்த்தம்

இசக்கியம்மாள் மகளுக்குத் தையில் முகூர்த்தம் குறித்தார்கள். பத்திரம் முதிர இன்னும் காலம் இருந்தது. அதற்குமுன் சர்க்கார் பணம் தராது, வேறு யாராவது வாங்கிக்கொண்டால்தான் உண்டு என்று அவளிடம் சொன்னேன். வரிசையில் நின்ற சுடலைமுத்துப் பிள்ளை பத்திரத்தை வாங்கிப் புரட்டினார். கடன் ஏறிக்கொண்டே போகிறதே என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டார். இசக்கியம்மாள் இறங்கி வரவில்லை. "செம்பு தாரேன் அண்ணாச்சி, பஸ்ஸுல போயிப் பாத்துட்டு வந்து வெலையக் கொறையும்" என்றாள்.

பிள்ளை வாய்விட்டுச் சிரித்து, முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். பத்திரத்தின் பின்புறம் இசக்கியம்மாள் கைரேகை வைத்தாள். முதல் தடவை கடைசியில் முனகிக்கொண்டே ஒப்பு போட்டுப் பத்திரம் வாங்கிய பிள்ளைக்கு, இந்தத் தடவை ஒப்பு வேறொருவருடையது என்பதில் ரொம்பத் திருப்தி. பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்புரான் எனக்குத் தரவேண்டியது இப்பம் கூடிப்போச்சு. பாவம், உறக்கம் வராமக் கெடப்பாரு. அவசரமில்லன்னு நான் சொன்னதாச் சொல்லும்."

சர்க்காரின் கடன் ஏன் வளர்ந்துகொண்டே போகிறது என்று யாராவது கேட்டால், கொடுத்தவர்களே இப்படி ஆறுதலும் சொல்லி அனுப்பினால் எந்த சர்க்கார்தான் வாங்காமல் இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்டுவிடுவேன்.